காரைக்குடியிலிருந்து நாடாளுமன்றக் குழுவுக்கு ஒரு மனு

நாடாளுமன்றம் என்றதும் நமக்குக் கண்முன் வருவது கூச்சலும் வெளிநடப்பும். டிவி காட்டுவது அதைத்தான். ஒரு கொள்கையைப் பிரித்துப்போட்டு, எது வேலை செய்கிறது, எது துருப்பிடித்துக் கிடக்கிறது என்று பார்க்கிற வேலை கேமரா நுழையாத குழு அறைகளில் நடக்கிறது. அந்த அறைக்குள் நம் செட்டிநாட்டுப் பிரச்சினைகளும் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒவ்வொரு துறையின் வேலையையும் ஆராயும் எம்.பி.க்களின் குழுக்களான துறைசார் நிலைக்குழுக்கள் 1993இல் 17 ஆகத் தொடங்கி, 2004இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 என 31 உறுப்பினர்கள். அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது. விசாரணைக்கு வந்து உட்கார்ந்து பதில் சொல்வதும் அமைச்சர் இல்லை, துறையின் செயலாளர். முதலில் துறை ஒரு பின்னணிக் குறிப்பு தரும். குழுவின் செயலகம் அதைப் படித்துக் கேள்விப் பட்டியல் அனுப்பும். எழுத்தில் பதில் வந்த பிறகே நேரில் வாய்மொழி விசாரணை. பேசுவது சொல்லுக்குச் சொல் பதிவாகும். அங்கே பதில் வராத கேள்விக்குப் பிறகு எழுத்தில் பதில் தர வேண்டும்.

நல்ல கேள்வி என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டுத் துறைக்கான நிலைக்குழு, காணாமல்போன நினைவுச் சின்னங்களைப் பற்றி விசாரித்து 2022இல் அறிக்கை கொடுத்தது. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அப்போது இருந்த 3,693 சின்னங்களில் 50 காணவில்லை. அதைக் குடைந்து கேட்டபோது 14 நகர விரிவாக்கத்தில் போனவை, 12 நீர்த்தேக்கங்களிலும் அணைகளிலும் மூழ்கியவை, 24 எங்கே என்றே தெரியாதவை என்று கணக்குப் பிரிந்தது. காவலர்கள் 7,000 பேர் தேவை, இருப்பது 2,578 பேர், அதுவும் 248 இடங்களில் மட்டும் என்ற உண்மையும் வெளியே வந்தது. ஆயிரம் மேடைப் பேச்சில் கிடைக்காத தகவல் இது.

இதே குழுவின் எல்லைக்குள்தான் நம் வீடுகளும் வருகின்றன. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனாலும் முகப்பும் வளவும் இரண்டாங்கட்டும் சேர்ந்த முழு வீட்டைக் காக்க 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் வழி இல்லை. கட்டடத்திலிருந்து கழற்றிய, 100 ஆண்டு கடந்த பொருள் அந்தச் சட்டப்படி தொல்பொருள். நின்றுகொண்டிருக்கும் வரை நிலைக்கதவுக்குக் காப்பு இல்லை, பெயர்த்து லாரியில் ஏற்றினால்தான் சட்டம் அதைக் கண்ணெடுத்துப் பார்க்கிறது! தேசியக் கொள்கையில் இருக்கும் இந்த ஓட்டையை, பர்மா தேக்குத் தூண்கள் ஒவ்வொன்றாக ஊரைவிட்டுப் போவதைப் பார்க்கிற நம்மைவிட யார் தெளிவாகச் சொல்ல முடியும்?

மசோதாவோ ஒரு பொருளோ ஆய்வுக்கு வரும்போது குழு நாளிதழிலும் இணையதளத்திலும் அறிவிப்புக் கொடுக்கும். அவகாசம் பெரும்பாலும் 15 நாள். அறிவிப்பு கண்ணில் படவே அதில் பாதி போய்விடும். ஆகவே மனுவின் எலும்புக்கூட்டை முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். நாலு பக்கம் போதும். முதல் பத்தியில் நீங்கள் யார், இந்த விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று எழுதுங்கள். அடுத்து எந்தப் பிரிவு, எந்த உட்பிரிவு, அதில் இப்போது இருக்கும் வாசகம், அதனால் இங்கே நடப்பது என்ன, அதற்குப் பதில் என்ன வாசகம் வேண்டும் என்று வரிசையாக வையுங்கள். கடைசி உருப்படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். "ஆவன செய்ய வேண்டும்" என்று முடிகிற மனுவை வைத்துக்கொண்டு அறிக்கை எழுதுகிறவர் என்ன செய்வார்? மாற்று வாசகம் இருந்தால் அதை அப்படியே பரிந்துரையில் எடுத்து வைக்கலாம்.

நேரில் வந்து சொல்ல விருப்பம் என்றால் அதைத் தனி வரியில் குறிப்பிட வேண்டும், இல்லையென்றால் கூப்பிட மாட்டார்கள். குறிப்பிட்டாலும் கூப்பிடுவது குழுவின் முடிவு. கொடுத்த மனு குழுவின் ஆவணமாகிவிடும், ரகசியம் காக்க வேண்டியது. பெருமைக்காக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள், நாடாளுமன்ற உரிமை மீறல் ஆகலாம்.

ஒரே வாசகத்தை நூறு பேர் நகலெடுத்து அனுப்புவதிலும் பயன் குறைவு. வக்ஃபு திருத்த மசோதாவுக்கான கூட்டுக் குழுவுக்கு 97 லட்சத்துக்கு மேல் மனுக்கள் வந்தன. அந்தக் குவியலில் கணக்கும் பிரிவு எண்ணும் உள்ள மனுவைத் தேடி எடுப்பதே பெரும்பாடு.

கணக்கு எழுதுவது நம்மூருக்குப் புதிதா என்ன? 1929-30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு உட்கார்ந்தபோது, அங்கே லேவாதேவி செய்த நகரத்தார் வட்டிக்கடைகளின் முதல், வட்டி, கடன் முறை எல்லாம் அதன் அறிக்கையில் ஏறின. சுமார் 75 கோடி ரூபாய் முதல் என்று குழு கணக்கிட்டது. செட்டியார்களைக் கடுமையாகத் தாக்கிய சாட்சியங்களும் அதே விசாரணையில் பதிவாயின. அது நாடாளுமன்றக் குழு இல்லைதான். இரண்டு தரப்பையும் கேட்டு எழுதியதால் இன்றைக்கும் ஆய்வாளர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

பட்ஜெட் காலத்தையும் கவனியுங்கள். கூட்டத்தொடரின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே வரும் சில வாரங்களில் மானியக் கோரிக்கைகள், அதாவது ஒவ்வொரு துறையும் செலவுக்குக் கேட்கும் பணத்தின் கணக்கு, குழுக்களுக்குப் போகும். 1953இல் காரைக்குடியில் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரிக்கு வரும் பணம், அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கான நிலைக்குழு பார்க்கிற கோரிக்கையில்தான் அடங்கும். அவையில் பல துறைகளின் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் கில்லட்டினில் ஒரே மூச்சில் நிறைவேறும். ஆகவே வரி வரியாகப் பார்க்கிற இடம் குழு ஒன்றுதான்.

அறிக்கை வந்ததோடு வேலை முடியவில்லை. அரசு மூன்று மாதத்துக்குள் நடவடிக்கைக் குறிப்புத் தர வேண்டும். அதை வைத்துக் குழு இன்னொரு அறிக்கை போடும். அதில் நாலாவது அத்தியாயத்தை முதலில் படியுங்கள், அரசு சொன்ன பதிலைக் குழு ஏற்காத பரிந்துரைகள் அங்கே இருக்கும். உங்கள் எம்.பி.யிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அத்தனையும் அங்கேயே கிடைக்கும். குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்பதால், வெளியிலிருந்து கேட்பவர் இல்லாவிட்டால் அது அலமாரியில் தூங்கும்.

குறைகள் பெரியவை. 15ஆவது மக்களவையில் மசோதாக்களில் சுமார் 71 சதவீதம் குழுக்களுக்குப் போயின, 17ஆவதில் சுமார் 16 சதவீதம். 2020இன் மூன்று வேளாண் சட்டங்களும் எந்தக் குழுவையும் பார்க்காமல் நிறைவேறின. அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டன. குழு அறையில் விவசாயியும் வியாபாரியும் எதிரெதிரே பேசியிருந்தால் அந்த ஓராண்டுத் துயரத்தில் பாதியாவது குறைந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். குழுவின் ஆயுளும் ஒரே ஆண்டு. ஒரு துறையின் வழி பிடிபடும் நேரத்தில் உறுப்பினர் மாறிவிடுகிறார்.

என்னை அதிகம் வருத்துவது மொழி. அறிவிப்புகளில் மனுவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ இரண்டு பிரதி அனுப்பச் சொல்கிறார்கள். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிறவருக்கும், கண்டாங்கிச் சேலை நெய்கிறவருக்கும் தன் தொழிலைப் பற்றிய சட்டத்தில் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இருக்கும் எந்த மொழியிலும் மனு வாங்கி, மொழிபெயர்ப்பைச் செயலகமே செய்துகொள்ள வேண்டும். சிவகங்கைத் தொகுதிக்காரர்களாக நம் எம்.பி.யிடம் முதலில் கேட்க வேண்டியது இது. அதுவரை ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு மாலை ஒதுக்கி, தொழில் செய்பவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கட்டும்.