கிளி ஜோசியம் பார்க்கவில்லை, ஐயா

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்ததை, மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில் பார்க்காதவர்கள் குறைவு என்பதால், அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. மூலக்கூறின் அமைப்பை வைத்தே ஒரு சேர்மம் மலேரியாவுக்குக் கேட்குமா என்று முன்கூட்டி மதிப்பிடுவதைப் பற்றிப் பேசிய மாணவியிடம், “கிளி ஜோசியம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டதா?” என்று கேட்ட பெரியவருக்கும், கைதட்டியவர்களுக்கும்தான் இந்தப் பதிவு.

அது ஜோசியம் அன்று. ஆய்வகத்தில் மலேரியா ஒட்டுண்ணியின்மீது ஏற்கெனவே சோதித்த ஏராளமான சேர்மங்களின் அமைப்பையும் வீரியத்தையும் கணினிக்குக் கற்றுக்கொடுத்து, இன்னும் எவரும் சோதிக்காதவற்றில் எதை முதலில் சோதிக்கலாம் என்று வரிசைப்படுத்தச் சொல்கிறார்கள். அமைப்புக்கும் வீரியத்துக்கும் என்ன சம்பந்தம் என்பவர்கள் ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்தைப் பார்க்கட்டும். அதில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் இணைந்த பாலம் ஒன்று உண்டு. அவற்றில் ஒன்றை நீக்கிவிட்டால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தும் வீரியம் போய்விடுகிறது. ஓர் அணு, ஐயா! அந்த மருந்துக்காக 2015இல் நோபல் பரிசு பெற்ற சீன விஞ்ஞானி தூ யூயூ அம்மையாரிடமும் கிளி எங்கே என்று கேட்பீர்களா?

என் பாட்டி காலத்தில், தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நிற்கவைத்து, கொய்னா என்ற மலேரியா மருந்தைக் கொடுக்கும் டிரெசர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்), விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாராம். கசப்புக்குப் பயந்து நாக்குக்கடியில் அடக்கி, பால்மரத்தடியில் துப்பியவர்களைப் பற்றிப் பாட்டி சிரிக்காமல்தான் சொல்வார்; அவர்களில் அவருடைய தம்பியும் ஒருவர். கொய்னாவுக்குப் பின் குளோரோகுயின் என்ற மருந்து வந்தது. ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை மலேரியா ஒட்டுண்ணியின் ஒரு புரதத்தில் 76ஆம் இடத்து அமினோ அமிலம் மாறியதும், அதுவும் பல நாடுகளில் கேட்காமல் போயிற்று. புதிய மருந்தைத் தேடிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

“நம் நாட்டில்தான் மலேரியா இல்லையே” என்பீர்கள். 2018 முதல் மனித மலேரியா உள்நாட்டில் பரவவில்லை என்பது உண்மைதான். ஆனால் குரங்கிடமிருந்து தொற்றும் நோலெசி வகை மலேரியா காட்டோரங்களில் இன்றும் ஆளைச் சாய்க்கிறது. நமக்கு வராவிட்டால் ஆப்பிரிக்கக் குழந்தைகள் சாகலாமா? கணிப்பு தவறாதா என்றால், தவறும், அதற்குத்தான் ஆய்வகம்.

பொன்னாடைக்கும் மாலைக்கும் நேரம் இருந்த மேடையில், அந்த மாணவிக்கு மட்டும் பேச்சை முடிக்கச் சொல்லி மணி அடித்தீர்கள். “டாக்டருக்குப் படித்திருக்கலாமே” என்று அறிவுரை வேறு. டாக்டர் எழுதித் தரும் மருந்தை யார் கண்டுபிடிப்பார்? தோட்டத்துப் பிள்ளை நமக்குப் புரியாததைப் படித்துவிட்டால், நமக்கு ஏன் இத்தனை எரிச்சல்?

அவள் உனக்கு உறவா என்று கேட்கப்போகிறவர்களுக்கு: இல்லை.