அந்த ஒரு வரியை ஏன் எடுத்தீர்கள்?

ஒரு புத்தக விற்பனையகத்தின் விளம்பர மடல் வெறும் சாம்பல் நிறக் கட்டங்களாகத் தெரிந்ததை முந்தாநாள் படமாகப் பகிர்ந்திருந்தேன். அதற்கு அவர்கள் எழுதிய பதிலை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். மடலை இணைய உலாவியில் முழுதாகத் திறக்கும் 'உலாவியில் காண்க' என்ற இணைப்பை நூற்றுக்கு ஒருவர்கூட அழுத்துவதில்லை என்பதால் அதைத் தங்கள் விளம்பர மின்னஞ்சல்களிலிருந்து நீக்கிவிட்டார்களாம். மடல் சரியாகத் தெரியாதவர்கள் தங்கள் கணினியின் அமைப்புகளைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டுமாம். முதல் பாதியை வாதம் என்றாவது ஏற்கலாம். இரண்டாம் பாதிதான் இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது.

அந்தப் படம் என் மாமா அனுப்பியது. கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கிறார். அங்கே இருப்பது அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் பழைய பதிப்பு. வெளியிலிருந்து வரும் மடல்களின் படங்கள் திறக்காதபடி நிர்வாகமே தடுத்து வைத்திருக்கிறது. "என்னம்மா, வெறும் கட்டம் கட்டமாக வந்திருக்கிறது?" என்று தொலைபேசியில் கேட்டார். "மேலே ஒரு வரி இருக்கும் மாமா, அதை அழுத்துங்கள், உலாவியில் முழுதாகத் திறக்கும்" என்றேன். அப்படி ஒரு வரியே இல்லை என்றார். நான் நம்பாமல் மூன்று முறை தேடச் சொன்னேன். அதற்காக இப்போது வருந்துகிறேன்.

ஒரு மடல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரியாது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாத செய்தியா? விண்டோஸ் கணினிகளில் நிறுவப்படும் அவுட்லுக், 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, மடல்களை, உலாவியைப் போலன்றி, ஆவணங்கள் எழுதப் பயன்படும் வேர்டு மென்பொருளின் இயந்திரத்தைக் கொண்டே வரைந்து காட்டுகிறது. உலாவியில் அழகாக அமரும் பக்கம் அங்கே கலைந்து போவது அதனால்தான். புதிய அவுட்லுக்கில் நிலைமை மாறிவிட்டது என்பீர்கள். உண்மைதான், ஆனால் பழையதை மாற்றும் அதிகாரம் என் மாமாவிடம் இல்லை.

நான்கு ஆண்டுகள் ஒரு கைத்தறிச் சேலைக் கடைக்கு மடல் வடிவமைத்துக் கொடுத்தவள் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். ஜிமெயில் ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டும் மடலை அந்த இடத்திலேயே வெட்டிவிடும். படங்களின் எடை இதில் சேராது. எழுத்தும் மடலை வடிவமைக்கும் நிரல்வரிகளும்தான் கணக்கு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். கணினிகள் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் 'க' மூன்று பைட்டு, 'கி' ஆறு பைட்டு. ஆகவே தமிழில் விரிவாக எழுதுகிறவர் ஆங்கிலத்தில் எழுதுகிறவரைவிட முன்னதாகவே அந்த எல்லையைத் தொட்டுவிடுவார். ஓர் ஆடித் தள்ளுபடி மடலில் தள்ளுபடிக் குறியீட்டை நான் கடைசியில் வைத்திருந்தேன். அது வெட்டுப்பட்ட பகுதியில் போய்விட்டது. அன்று வாடிக்கையாளர்கள் அந்தக் குறியீட்டைக் கண்டது, மடலின் உச்சியில் இருந்த 'உலாவியில் காண்க' வழியாகத்தான். அந்த இணைப்பு அடியில் இருந்திருந்தால் அதுவும் சேர்ந்து வெட்டுப்பட்டிருக்கும். ஆகவே மேலேதான் இருக்க வேண்டும் என்கிறேன்.

மேலே வைத்தால் உட்பெட்டியில் தலைப்பை அடுத்துத் தெரியும் முன்னோட்ட வரியை அது விழுங்கிவிடும் என்று நண்பர் ஒருவர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். முன்னோட்டத்துக்கான வாக்கியத்தை மறைவாக முதலில் வைத்து, அதன்பின் இணைப்பை வைப்பது பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கும் வழி. மடலில் உள்ள இணைப்புகளை அழுத்தாதீர்கள் என்றுதானே பாதுகாப்புப் பயிற்சிகளில் சொல்கிறார்கள் என்று இன்னொருவர் கேட்டார். அதே மடலில் 'இப்போதே வாங்குங்கள்' என்று பொத்தான்களை அடுக்கிவிட்டு, படிக்க உதவும் ஒரே இணைப்பின்மீது மட்டும் ஐயம் கொள்வது எப்படி நியாயம்? தனிப்பட்ட விவரங்கள் உள்ள மடலுக்கு உலாவிப் பதிப்பு கூடாது என்பதை ஏற்கிறேன். அதன் முகவரி கிடைத்த எவரும் திறந்து பார்க்கலாம். புத்தகப் பட்டியலில் மறைக்க என்ன இருக்கிறது?

அழுத்துகிறவர்கள் குறைவு என்ற வாதத்துக்கு மீண்டும் வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சரியாகத் தெரிகிறவர் அதை எதற்கு அழுத்தப் போகிறார்? தெரியாதவருக்காகத்தானே அந்த வரி! குறைவானவர்கள் ஏறுகிறார்கள் என்று கட்டடத்தின் சாய்தளத்தை இடித்துவிடுவீர்களா? இதில் செலவும் இல்லை. மெயில்சிம்ப் போன்ற, பலருக்கு ஒரே நேரத்தில் மடல் அனுப்பும் சேவைகளில் உலாவிப் பதிப்பு தானாகவே உருவாகிவிடுகிறது. வார்ப்புருவில் ஒரு சிறு குறிச்சொல் இட்டால் அதற்கான இணைப்பு வந்துவிடும். எடுப்பதற்குத்தான், விற்பனையகத்தாரே, உங்களில் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்திருக்க வேண்டும்.

சிறு விஷயத்துக்கு இவ்வளவு கோபமா என்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நூலகத்துக்கு ஆண்டுதோறும் புத்தகம் வாங்கும் மனிதர் அவர். அந்தப் பதிலை நான் படித்துக் காட்டியதும், "என் கணினியில்தான் கோளாறு போலிருக்கிறது, நான் ஏதாவது தவறாக அழுத்திவிட்டேனோ?" என்று தயக்கத்துடன் கேட்டார். முப்பது ஆண்டுகளாக மற்றவர்களுக்குப் புத்தகம் தேடி எடுத்துக் கொடுத்தவர், ஒரு விற்பனைப் பட்டியலைப் படிக்க முடியாததற்குத் தன்மீதே பழி போட்டுக்கொண்டார். இல்லை மாமா, உங்கள் தவறு எதுவும் இல்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். நேற்றும் அவர்களிடமிருந்து ஒரு மடல் வந்ததாம். திறக்கவில்லை என்றார்.