காட்டு மண்ணிலுள்ள பூஞ்சை மனிதரை ஆட்டிவைக்குமா?

காட்டு மண்ணிலுள்ள ஒரு பூஞ்சை எறும்பின் மூளைக்குள் புகுந்து அதை ஆட்டிவைப்பதுபோல மனிதரையும் ஆட்டிவைக்கும், ஆகவே அம்மண்ணைத் தொடாதீர்கள் என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவுகிறது. இது தவறு.

எறும்பைப் பற்றும் ஒஃபியோகார்டிசெப்ஸ் என்ற பூஞ்சை அதன் மூளையைத் துளைப்பதே இல்லை. 2017இல் வெளியான நுண்ணோக்கி ஆய்வில், பூஞ்சை உயிரணுக்கள் எறும்பின் தசை இழைகளைச் சூழ்ந்து வலையாகப் பின்னியிருந்தன, மூளைக்குள் அவை காணப்படவில்லை.

காட்டு மண்ணில் பரவலாக வாழ்பவை பியூவேரியா, மெட்டாரைசியம் ஆகிய, பூச்சிகளைக் கொல்லும் வேறு பூஞ்சைகள். இவற்றின் வித்துகள் பூச்சியின் மேலுறையில் ஒட்டி முளைத்து, அதற்கு உறுதி தரும் கைட்டின் என்ற பொருளையும் புரதத்தையும் சிதைக்கும் நொதிகளைச் சுரந்து உட்புகுந்து, உடல்நீரில் பெருகிப் பூச்சியைக் கொன்றபின், சடலத்தின்மேல் வெண்மையாகவோ பச்சையாகவோ புதிய வித்துகளாக வெளிப்படுகின்றன. பட்டுப்புழுக்களைக் கொன்ற நோய்க்குப் பியூவேரியாவே காரணம் என்று இத்தாலியரான அகோஸ்டினோ பாஸி 1835இலேயே காட்டினார்.

இப்பூஞ்சைகளுக்கு உகந்த வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி செல்சியஸ்; மனித உடலின் 37 டிகிரியில் பெரும்பாலானவை செழிப்பதில்லை. கண்ணின் முன்புறத் தெளிவான படலமான விழிவெண்படலத்திலும், நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவர்களிடத்திலும் அரிதாகத் தொற்று பதிவாகியுள்ளது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அது மனத்தை ஆட்டிவைக்கும் நோயன்று. தமிழக உழவர்கள் பியூவேரியாவை உயிரியல் பூச்சிக்கொல்லியாகப் பயன்படுத்தி வருகிறார்கள். தெளிக்கும்போது முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிவது நல்லது.

வதந்தி சொல்லாத ஒன்றும் உண்டு: மெட்டாரைசியம் செடிகளின் வேர்களிலும் குடியேறி, தான் கொன்ற பூச்சியிலிருந்து பெற்ற நைட்ரஜனைச் செடிக்கு வழங்குகிறது.