25 நிமிஷத்துக்கு ஏன் டிஜே பிடிக்கிறியள்?

போன சனிக்கிழமை வடமேற்கு லண்டன் பக்கம் ஒரு சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு விழா). கார்ட்டில பின்னேரம் 5.30 எண்டு அடிச்சிருந்தவை. நான் 3 மணிக்கே போய் ஸ்பீக்கரை ஸ்டாண்டில ஏத்தி, லைட் கட்டி, நிலத்தில கிடந்த வயருக்கெல்லாம் டேப் ஒட்டி, 5 மணிக்கு ரெடி. 5.30க்கு அந்த ஹோலில இருந்தது நான், கேக் கொண்டு வந்த அக்கா, கதிரைக்கு உறை போட்டுக்கொண்டிருந்த ரெண்டு பெடியள். சனம் வரத் தொடங்கினது 7 மணிக்கு. பிள்ளை உள்ள வந்தது 8.10. ஆலாத்தி, மாமா ஆக்களின்ட மாலை, கேக் வெட்டு, பிறகு போட்டோ கியூ. அந்தக் கியூ முடிய 10.20, நடுவில சாப்பாடும் திறந்தாச்சு. பிறகு மூண்டு பேர் பேச்சு, மூண்டாவது ஆள் "ரெண்டே ரெண்டு வார்த்தை" எண்டு தொடங்கினவர், என்ன நடந்திருக்கும் எண்டு உங்களுக்கே தெரியும். பிள்ளையின்ட சித்தப்பா என்னட்ட வந்து "தம்பி, இனி நீர் தொடங்கலாம்" எண்டு சொல்லேக்க மணி 11.05. 11.30க்கு பாட்டை நிப்பாட்ட வேணும், 12க்கு ஹோல் பூட்டு.

25 நிமிஷம். வெளிக்கிட்டுப் போகேக்க வாசலில ஒரு அண்ணர் இன்னொருத்தருக்குச் சொல்லுறார், எனக்குக் கேக்கத்தான் சொல்லுறாரோ தெரியேல்லை, "டிஜே பெரிசா சரியில்லை என்ன, சனத்தை ஆட வைக்கேல்லை" எண்டு.

அதாலதான் இந்தப் பதிவு. அந்த வீட்டுக்காரரில எனக்கு ஒரு கோவமும் இல்லை, நல்ல ஆக்கள், பேசின காசை அப்பவே தந்தவை, வீட்டுக்குச் சாப்பாடும் கட்டித் தந்தவை. ஆனா இது ஒரு வீட்டில நடக்கிற கதை இல்லை. வருஷத்தில முப்பது சனிக்கிழமை எண்டா இருபத்தஞ்சு சனிக்கிழமை இதுதான்.

என்னைத் தெரியாத ஆக்களுக்கு: கிழமை நாளில நான் ஒரு பள்ளிக்கூடத்தில கொம்பியூட்டர் திருத்துறன், சனி ஞாயிறில வானில சாமானை ஏத்திக்கொண்டு கலியாண வீடு, சாமத்திய வீடு, அம்பதாவது பேர்த்டே எண்டு திரியிறன். இங்கத்தே வெள்ளைக்காரர் இதை மொபைல் டிஸ்கோ எண்டு சொல்லுவினம். கிளப் டிஜே ஹெட்போனோட போனாக் காணும், எல்லாம் அங்கேயே இருக்கும். எங்களுக்கு கிளப்பே வானுக்குள்ளதான் இருக்கு. ஏன் இந்தப் பைத்தியம் எண்டு மனிசியும் கேக்கிறவ. தொண்ணூறுகளில சண்டை நேரம், இலங்கையின்ட வடக்கில எங்கட ஊரில கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒருத்தன் பெடலைச் சுத்த, டைனமோவில வயர் கொழுவி றேடியோ கேட்ட தலைமுறை நாங்கள். எங்கட வீட்டில கசற் பிளேயரையும் அதில ஓட்டிப் பாத்தனாங்கள், சுத்துறவனுக்குக் களைச்சா பாடுறவருக்கும் களைக்கும், குரல் அப்பிடியே இழுபட்டுக் கீழ போகும், அண்ணா வந்து ரெண்டு சுத்து வேகமாச் சுத்தினா பாட்டுக்காரர் திடீரெண்டு சின்னப் பெடியன் ஆகிடுவார். பாட்டின்ட வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பிச் கொன்ட்ரோல் எண்டு டிஜேமாரிட்ட ஒண்டு இருக்கு, என்ட முதல் பிச் கொன்ட்ரோல் அந்தப் பெடல்தான்.

சரி, விஷயத்துக்கு வாறன். எங்கட சனத்துக்கு ஆட விருப்பம் இல்லை எண்டு சொல்லுறது சுத்தப் பொய். விருப்பம் கனக்க இருக்கு, வெக்கம்தான் பிரச்சினை. ஆர் முதல் எழும்புறது எண்டுதான் ஒவ்வொரு மேசையும் பாத்துக்கொண்டிருக்கும். இருபது வயசுப் பிள்ளையள்தான் முதல் வருவினம் எண்டு நினைப்பியள், இல்லை, அதுகள் அம்மா அப்பா பாக்கினம் எண்டு மூலையில போனோட நிக்குங்கள். முதல் எழும்ப வேண்டியது அம்பது அறுபது வயசு ஆக்கள். ஒரு மாமி எழும்பி கையைத் தூக்கினா காணும், அதுக்குப் பிறகு அந்த ஹோலில ஆருக்கும் வெக்கம் இல்லை, மாமியே ஆடுறா எண்டு எல்லாருக்கும் ஒரு பெர்மிஷன் கிடைச்ச மாதிரி.

அந்த மாமியை எழுப்ப எனக்குத் தெரிஞ்ச ஒரே சாமான் பைலா. இலங்கையில போத்துக்கீசர் விட்டிட்டுப் போன தாளம், 6/8, அதாவது ஆறு ஆறா எண்ணுறது, கேட்டாலே கால் தன்பாட்டில போகும், கொழும்பில வேலை பாத்த அங்கிள்மாருக்கு இது ரத்தத்தில இருக்கு. அதோட எழுபதுகளின்ட எங்கட பொப் பாட்டு ரெண்டு. பிறகு பப்பரே, அதுதான் கிரிக்கெட் மேட்சில அடிக்கிற பாண்ட் வாத்தியம், பள்ளிக்கூடங்களின்ட பிக் மேட்ச் பாத்து வளந்த ஆக்கள் எழும்பாமல் இருக்க ஏலாது. 1904ல தொடங்கின, வடக்கின் பெரும் போர் எண்டு சொல்லுற யாழ்ப்பாணப் பள்ளிக்கூடக் கிரிக்கெட் மேட்ச் இண்டைக்கும் லண்டன் ஹோலுகளில நடக்குது எண்டு சொன்னா நம்புங்கோ, சென்ற் ஜோன்ஸ் அங்கிள் ஒரு பக்கம், சென்றல் அங்கிள் மற்றப் பக்கம், நடுவில துவாயைச் சுத்திக்கொண்டு. பப்பரேயில இருந்து குத்துப் பாட்டுக்குப் போறது சுகம், கன குத்துப் பாட்டும் அதே 6/8 நடைதான், சனத்துக்கு மாறினதே விளங்காது. ஆனா அதில இருந்து பிள்ளையள் கேக்கிற ஆபிரிக்க ஆஃப்ரோபீட்ஸுக்கோ பஞ்சாபிப் பங்கராவுக்கோ போறது லேசில்லை, அது 4/4, நாலு நாலா எண்ணுறது, நடுவில ஒருக்கா உடைச்சு, கை தட்ட வைச்சு, மைக்கில ரெண்டு வசனம் சொல்லித்தான் போகலாம். பழைய பாட்டுகளில இன்னொரு கரைச்சல், அந்தக் காலத்தில ட்ரம்ஸ்காரர் கையால அடிச்சது, வேகம் ஏறும் இறங்கும், ரெண்டு பாட்டின்ட வேகத்தையும் தானாப் பொருத்துற சிங்க் பட்டனை அமத்திப்போட்டுச் சும்மா நிக்க ஏலாது. லப்டொப்பில பிளே அமத்துறதுக்கு ஏன் இவ்வளவு காசு எண்டு கேக்கிற அண்ணாமார் இதையும் ஒருக்கா யோசிக்கலாம்.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாச் சொல்லுறன் எண்டா, பெரியாக்களை எழுப்பி, பிறகு நடுவயசு ஆக்களைச் சேத்து, பிறகு பிள்ளையளிட்டக் குடுத்து, கடைசியா எல்லாரையும் ஒண்டா நிப்பாட்ட ஆகக்குறைஞ்சது ஒரு மணித்தியாலம் வேணும். 25 நிமிஷத்தில அது ஏலாது. எந்தப் பெரிய டிஜே வந்தாலும் ஏலாது.

இப்ப சத்தக் கதை. கன ஹோலுகளில சுவரில ஒரு பெட்டி பூட்டியிருக்கும், சவுண்ட் லிமிட்டர். அதுக்குள்ள ஒரு மைக் இருக்கு, ட்ராஃபிக் லைட் மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு சில செக்கன் விடாமல் எரிஞ்சா மேடைப் பக்கத்து பிளக் எல்லாத்துக்கும் கரண்ட் கட். அந்தப் பெட்டிக்கு எது பாட்டு, எது சின்னப் பிள்ளையள் கத்துற சத்தம் எண்டு தெரியாது, எல்லாம் ஒண்டுதான். இதை நான் குறை சொல்ல மாட்டன், பக்கத்தில வீடுகள் இருக்கு, அவைக்கும் நித்திரை வேணும். இந்த நாட்டின்ட 1996ம் ஆண்டு சத்தச் சட்டத்தில இரவு எண்டா 11 மணியில இருந்து விடிய 7 மணி மட்டும். அதாவது ஊருக்கே சத்தத்தைக் குறைக்கச் சொல்லுற அந்த 11 மணிக்குத்தான் நாங்கள் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட வெளிக்கிடுறம்.

போன சனி என்ன நடந்தது எண்டா, நான் பைலா போட்டு ரெண்டாவது நிமிஷம், பிள்ளையின்ட அம்மம்மா, எழுபத்தஞ்சுக்குக் குறையாது, வோக்கரை மேசையோட சாத்திப்போட்டு எழும்பி வந்தவ. பேரப் பிள்ளையள் ரெண்டு பக்கமும் கையைப் பிடிச்சினம். நான் பன்னிரண்டு வருஷமா இதைச் செய்யிறன், எனக்கே உடம்பு புல்லரிச்சது. முழு ஹோலும் ஓடி வந்து சுத்தி நிண்டு கூக்காட்டி விசில் அடிச்சினம், நான் அந்தரப்பட்டு வொலியூமைக் குறைக்கிறன் குறைக்கிறன், சிவப்பு லைட் போகேல்லை, ஏனெண்டா சத்தம் என்ட ஸ்பீக்கரில இருந்து இல்லை, சனத்திட்ட இருந்து. டக்கெண்டு எல்லாம் நிண்டுது. லைட்டும் போச்சு. லப்டொப் மட்டும் பற்றரியில ஓடிக்கொண்டிருக்கு. ஹோல்காரப் பெடியனைத் தேடிப் பிடிச்சு ரீசெட் பண்ணி, கொன்ட்ரோலர் திரும்பி எழும்ப மூண்டு நிமிஷம். அதுக்குள்ள அம்மம்மா போய் இருந்திட்டா. நான் மைக்கில ஒருக்கா கூப்பிட்டுப் பாத்தன். கையைக் காட்டி "காணும் மோனை" எண்டிட்டா.

இதே அம்மம்மா 8.30க்கு எழும்பியிருந்தா? 8.30 எண்டா இன்னும் கன நேரம் கிடந்தது, சனமும் களைக்கேல்லை, வெளியில ரோட்டில காரும் ஓடுற நேரம், லிமிட்டர் கட் பண்ணினாலும் திருப்பி எழுப்ப ஒரு மணித்தியாலம் கையில இருந்திருக்கும்.

அடுத்தது மேசை. எங்கட ஆக்கள் மரியாதை எண்டு சொல்லி வயசுபோன ஆக்களை எல்லாம் முன் மேசையில இருத்துவினம். முன் மேசை எண்டா எங்க? ஸ்பீக்கருக்கு நேர முன்னால. பிறகு அந்த ஐயா காதைப் பொத்திக்கொண்டு வந்து "தம்பி குறையும்" எண்டு கேப்பார், அவர் கேக்கிறது நியாயம். நான் குறைச்சா பின்னால பத்து மேசை தள்ளி இருக்கிற பெடியள் வந்து "அண்ணா, ஒண்டும் கேக்கேல்லை" எண்டுவாங்கள், அதுவும் நியாயம். வேலைத்தலத்துச் சத்த விதிப்படி 85 டெசிபலுக்குப் போனா காதுப் பாதுகாப்புப் போட வேணும், அது எட்டு மணித்தியால சராசரிக் கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் கூடக் கூடத் தாங்கிற நேரம் பாதியாகும், 100 டெசிபல் எண்டா கால் மணித்தியாலம்தான். நான் காதுக்கு அடைப்பான் போட்டுக்கொண்டு நிக்கிறன், அந்த ஐயா ஒண்டும் போடாமல் என்ட ஸ்பீக்கரோட அஞ்சு மணித்தியாலம் இருக்கிறார். அவரை மேடை தெரியிற மாதிரி பக்கவாட்டில, நடுவில இருத்துங்கோ. மரியாதை ஒண்டும் குறையாது.

காசைப் பற்றியும் ஒருக்காச் சொல்லிப்போட்டு விடுறன், கொமெண்டில எப்பிடியும் வரும். நான் 450 பவுண்ஸ் எடுக்கிறன். மத்தியானம் 1.30க்கு வானில ஏத்தத் தொடங்கினா திருப்பி இறக்கிக் கராஜைப் பூட்ட விடிய 1.30. சாமான் எல்லாத்துக்கும் வருஷா வருஷம் பற் டெஸ்ட் எண்ட மின்சாரப் பாதுகாப்புச் சோதனை, ஹோல்காரர் ஸ்டிக்கர் பாக்காமல் பிளக் குத்த விடாயினம். இன்சூரன்ஸ் வேற, சில ஹோல் 5 மில்லியன் பவுண்ஸுக்குக் கேக்கும், சிலது 10 மில்லியன், ஆரும் என்ட வயரில தடக்கி விழுந்தா எண்டு. பழைய டீசல் வானை வித்து வேற எடுத்தன், 2023 ஆகஸ்டில யூலெஸ் (ULEZ), அதுதான் புகை கூடின பழைய வண்டியளிட்டக் காசு அறவிடுறது, லண்டன் முழுக்க வந்தாப் பிறகு அந்தப் பழைய வானுக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்ஸ். ஒரு நாள் எண்டது நடுச்சாமம் 12 வரைக்கும்தான், எங்கட விழா முடிஞ்சு திரும்பி ஓடேக்க 12 தாண்டியிருக்கும், அப்ப ரெண்டு நாள் காசு, 25 பவுண்ஸ். நேரத்துக்குத் தொடங்காததுக்கு நான் கட்டின அபராதம் எண்டு பகிடியாச் சொல்லுறனான்.

ஒரே ஒருக்கா ஒரு கலியாண வரவேற்பில பொம்பிளையின்ட தமையன் துணிஞ்சு ஒரு வேலை செய்தான். ஈஸ்ட்ஹாம் பக்கம். கார்ட்டிலயே "8 மணி: ஆட்டம், 9.15: சாப்பாடு" எண்டு அடிச்சுப்போட்டான். தாய்க்குச் சரியான பயம், சனம் பசியோட எப்பிடி ஆடும், என்ன கதைக்கும் எண்டு. வந்த உடன ரோல்ஸும் கட்லட்டும் குடுத்தவை, போட்டோ கியூவை ஒரு பக்கமா அது தன்பாட்டில போக விட்டவை, கூப்பிட்ட மேசை மட்டும் போய் எடுத்தது. 8.10க்கு மாமிமார் இறங்கிட்டினம். 9.15க்குச் சாப்பாடு எண்டு நான் சொல்ல, ஒருத்தரும் போறதா இல்லை, கேட்டரிங் அண்ணா வந்து என்னைப் பாத்து முறைக்கிறார், சோறு ஆறுது எண்டு. அண்டைக்கு எல்லாரும் வேர்த்து விறுவிறுத்துப் போய் ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவை. வயிறு முட்டச் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் திண்டுபோட்டு ஆர்தான் ஆடுவினம், சொல்லுங்கோ.

அதால இனி என்னை புக் பண்ணுற ஆக்களிட்ட முதல் கேள்வி எந்தப் பாட்டு எண்டு இல்லை, சாப்பாடு எத்தினை மணிக்கு எண்டுதான் கேக்கப் போறன். 11 மணிக்குத்தான் ஆட்டம் எண்டா டிஜே வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கோ, மண்டபத்து ஸ்பீக்கரில போனைக் கொழுவி மெல்லிசாப் பாட்டுப் போட்டாக் காணும். நான் இதை உண்மையாத்தான் சொல்லுறன். வாற சனி குறொய்டனில ஒரு பேர்த்டே, அந்த அக்காவோட நேற்றுக் கதைச்சன், கேக் வெட்டை 7.30க்கு வைக்கிறன் எண்டவ, பாப்பம்.

போன சனி 12 மணிக்கு ஹோல்காரர் லைட்டை நிப்பாட்டி நிப்பாட்டிக் காட்ட அவதியில சாமானைக் கழட்டினதில பத்து மீட்டர் எக்ஸ்எல்ஆர் ஓடியோ கேபிள் ஒண்டு விடுபட்டுப் போச்சு, நுனியில மஞ்சள் டேப் சுத்தியிருக்கும். அண்டைக்கு அங்க வந்த ஆரிட்டயும் பூச்சட்டியளோட சேந்து வந்திருந்தா இன்பொக்ஸ் பண்ணுங்கோ, நான் வந்து எடுக்கிறன்.