புயலுக்கு முன்னால் எண்ணியவர்கள்

ஒவ்வொரு பெரிய புயலுக்குப் பிறகும் ஒரு வசனம் சுற்றுக்கு வரும்: “இயற்கை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்.” கேட்டாலே எனக்கு எரிச்சல். சரி, எந்த நிலைக்குத் திரும்பும்? புயலுக்கு முன்பு அங்கே என்ன இருந்தது என்று யாராவது எண்ணி வைத்திருந்தால்தானே அதைச் சொல்ல முடியும்?

2017இல் கரீபியன் கடலோரத்து டர்க்ஸ் கைகோஸ் தீவுகளில் காலின் டோனிஹியூ என்ற உயிரியலாளரின் குழு, அனோல் என்னும் சிறிய மரப்பல்லிகளை அளந்துகொண்டிருந்தது. புயலுக்கும் அந்த ஆய்வுக்கும் சம்பந்தமே இல்லை. தீவில் எலிகளை ஒழித்தால் பல்லிகளுக்கு என்ன ஆகும் என்பதுதான் அவர்கள் கேள்வி. அளந்துவிட்டுக் கிளம்பிய சில நாட்களில் இர்மா புயல் அடித்தது, பின்னாலேயே மரியா புயல். திரும்பிப் போய் மறுபடி அளந்தார்கள். தப்பிப் பிழைத்த பல்லிகளுக்குச் சராசரியாக விரலடிப் பட்டை பெரிது, முன்கால் நீளம், பின்தொடை குட்டை.

பட்டை பெரிதானால் பிடி இறுகும், புரிகிறது. பின்தொடை ஏன் குட்டை? தோட்டத்தில் சருகு ஊதும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டார்கள். பல்லியை ஒரு குச்சியில் உட்காரவைத்து, காற்றின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். பல்லி முன்கால்களை உடம்போடு ஒடுக்கிக் குச்சியை இறுகப் பிடித்துக்கொண்டது. பின்கால்களோ வெளியே துருத்தி நின்று காற்றை வாங்கின. முதலில் அவைதான் வழுக்கின. அப்புறம் உடம்பு கொடித்துணி போலப் படபடத்து, கடைசியில் பின்னால் கட்டியிருந்த வலையில் போய் விழுந்தது. (பல்லிக்குக் காயமில்லை.) இத்தனையும் எலி ஆய்வுக்கு எடுத்த பழைய அளவுகள் கையில் இருந்ததால் வந்தது. அவை இல்லாவிட்டால் மிஞ்சியவை வெறும் பல்லிகள், அவ்வளவுதான்.

கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் லுகியோ காட்டிலும் இதே கதை. நீண்டகால ஆய்வு 1988இல் தொடங்கியது, 1989இல் ஹியூகோ புயல் வந்தது. பின்னாளில் அங்கே புயலையே செயற்கையாக நடத்திப் பார்த்தார்கள். சில இடங்களில் மேற்கிளைகளை வெட்டினார்கள், சில இடங்களில் வெட்டிய கழிவைத் தரையில் பரப்பினார்கள், சில இடங்களில் இரண்டையும் செய்தார்கள். காட்டை அதிகம் மாற்றியது விழுந்த கழிவு அல்ல, மேலே திறந்துகொண்ட வானம்தான் என்று தெரிந்தது.

அதே புவேர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய காயோ சாந்தியாகோ தீவில், 1938இல் இந்தியாவிலிருந்து கொண்டுபோன ரீசஸ் குரங்குகளின் வம்சம் வாழ்கிறது. மரியா மரங்களை அழித்து நிழல் அரிதானபின், முன்பு அண்டவிடாத குரங்குகள் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தன. அப்படி ஒத்துப்போன குரங்குகளே அதிகம் பிழைத்தன. பல ஆண்டுகளாகக் குரங்கு குரங்காகக் குறிப்பெடுத்து வைத்ததால்தான் “முன்பு” என்ற சொல்லுக்கே அங்கே பொருள் இருக்கிறது.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்பார்கள். கடல் மேற்பரப்புக்கு அது நன்றாகவே உதவும். 2000இல் காய்-டாக் சூறாவளி தென்சீனக் கடலைக் கலக்கிப் போனபின், கடல் நீரில் மிதக்கும் நுண்பாசிகளின் பச்சையம் சுமார் 30 மடங்கு உயர்ந்ததை அப்படித்தான் கண்டார்கள். காட்டில் அது மட்டும் போதாது. மேலிருந்து பார்த்தால் மரமும் பச்சை, அதை மூடிப் படர்ந்த கொடியும் பச்சை. எந்த மரம் போய் எந்தச் செடி வந்தது என்று சொல்ல, கீழே யாராவது ஆண்டுதோறும் அதே மரத்தின் சுற்றளவை நாடா பிடித்து அளந்திருக்க வேண்டும். சேதக் கணக்கெடுக்கப் பணம் உடனே வருகிறது. நாடா பிடிக்கிறவருக்கு, புயல் இல்லாத ஆண்டில் சம்பளம் கொடுக்கத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை.