வெந்நீர் வைத்தவர்

புதுமைப்பித்தனின் இரண்டு சிறுகதைகளை ஒப்பிட்டு, 'செல்லம்மாள்' முழுக்க இருட்டு, 'பொன்னகர'த்திலாவது புருஷனுக்குப் பால்கஞ்சி கிடைக்கிறது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது எனக்கு ஒட்டவில்லை. அந்தக் கஞ்சிக்காக அவன் மனைவி அம்மாளு ஒருவனோடு இருட்டுச் சந்துக்குள் போய்ச் சம்பாதித்தது முக்கால் ரூபாய். நாளைக்கும் அவனுக்குப் பசிக்குமே, அப்போது? அந்தக் கதையின் கடைசி வரியில் புதுமைப்பித்தன் நம்மைப் பார்த்துச் சீறுவதில் கோபம்தான் இருக்கிறது. 'செல்லம்மாள்' சாவில்தான் தொடங்குகிறது, சரி. ஆனால் பகலெல்லாம் ஜவுளிக்கடையில் உழைத்துவிட்டு வந்து அடுப்பையும் நோயாளி மனைவியையும் பார்த்துக்கொள்ளும் பிரமநாயகம் பிள்ளை, அவள் செத்த பிறகும் வெந்நீர் போட்டுத்தான் குளிப்பாட்டுகிறார். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி ஆறு மாதம் என் அப்பா ரசம் வைக்கப் பழகினார். தினமும் உப்பு தூக்கல். அம்மா ஒன்றும் சொல்லாமல் குடித்துவிடுவார். அதைப் பார்த்த பிறகு அந்த வெந்நீரை என்னால் இருட்டு என்று சொல்ல முடியவில்லை. மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், "அது அன்பில்லை, வெறும் பழக்கம்" என்கிறார். இருக்கட்டுமே. யாரும் பார்க்காத ராத்திரியில், செத்தவளுக்கு வெந்நீர் வைக்கிற பழக்கம் எத்தனை பேருக்கு வரும்?