ராபின்சன் முதல் ஆள் இல்லை, இல்லை, இல்லவே இல்லை

ஞாயிற்றுக்கிழமை குவிஸில் நடந்ததை இதற்குள் பாதிப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடிய முதல் கறுப்பர் யார் என்று கேட்டார்கள். நான் வாக்கர் என்றேன், குவிஸ் மாஸ்டர் ஜாக்கி ராபின்சன்தான் சரி என்று சொல்லிவிட்டார். ஐந்து மார்க் போனால் போகட்டும். "ஓவரா படிச்சா இப்படித்தான்" என்று மைக்கில் சொல்லிச் சிரித்தாரே, அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

சரி, மறுபடி சொல்கிறேன். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் கறுப்பர் என்று ஊரறிய ஆடிய முதல் ஆள் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர். 1884, டொலிடோ அணி, 42 ஆட்டம். ஜாக்கி ராபின்சன் வந்தது 1947இல். உடனே 1879இல் ஒரே ஒரு ஆட்டம் ஆடிய வில்லியம் வைட்டை இழுத்துக்கொண்டு வராதீர்கள். அவர் வெள்ளையர் என்று சொல்லியே வாழ்ந்தவர்.

வாக்கர் கேட்சர். நம் விக்கெட் கீப்பர் மாதிரி, ஆனால் பெரும்பாலும் வெறுங்கை. ஏழாம் வகுப்பில் கிளவுஸ் இல்லாமல் கார்க் பாலுக்குக் கீப்பிங் நின்றவன் நான். வலது மோதிர விரல் நுனி இன்றும் கோணல்தான், சாம்பாரில் பிசையும்போதுகூடத் தெரியும். எனக்காவது பந்து போடுகிறவன் நண்பன். வாக்கருக்கு வாய்த்த டோனி முல்லேன், அவரைப் போல கேட்சர் கிடையாது என்று பிற்காலத்தில் ஒத்துக்கொண்டவர். ஆனால் கறுப்பர் சொல்லிக் கேட்பதா என்று எந்தப் பந்து போடுவது என்று வாக்கர் காட்டிய சைகையைப் பார்க்காமலே வீசியதையும் அவரே சொன்னார். எந்தப் பந்து வரும் என்று தெரியாமல் வெறுங்கையை நீட்டிப் பாருங்கள், தெரியும்.

"கறுப்பர்களை ஆடவிடாத தடையை உடைத்தது ராபின்சன்தானே?" ஆமாம். நான் இல்லை என்றேனா? ஆனால் அந்தத் தடை மழையோடு வானத்திலிருந்து விழுந்ததா? 1883இல் சிகாகோ அணித் தலைவர் கேப் ஆன்சன், வாக்கர் இறங்கினால் ஆடமாட்டேன் என்றார். டிக்கெட் காசு போய்விடும் என்றதும் கொள்கை பறந்தது, ஆடினார். 1887 ஜூலை 14, வாக்கர் அப்போது நியூவர்க் அணியில். அங்கே அதே ஆன்சனுக்கு எதிரான ஆட்டத்தில் வாக்கரும், அணியின் இன்னொரு கறுப்பரான பந்துவீச்சாளர் ஸ்டோவியும் இறங்கவில்லை. அதே நாளில், நியூவர்க் ஆடிவந்த இன்டர்நேஷனல் லீக், கறுப்பர்களுக்கு இனி புது ஒப்பந்தம் கிடையாது என்று முடிவெடுத்தது. 1889இல் சிரக்யூஸ் அணியோடு வாக்கரின் ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

"கத்திக்குத்து வழக்கில் மாட்டியவர்தானே?" விடுதலையானார். அவ்வளவுதான். அப்புறம்?

ஆன்சனுக்கு 1939இலேயே பேஸ்பாலின் பெரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேம் கிடைத்தது. 1924இல் இறந்த வாக்கரின் கல்லறைக்கு ஒரு கல் வைக்க 1990 ஆனது. நான் ஓவராகப் படித்தேனாம்!

அந்த ஐந்து மார்க்கை அவரே வைத்துக்கொள்ளட்டும். நம் வாட்ஸாப் குரூப்பில் விடையை மட்டும் திருத்திப் போடச் சொல்லுங்கள்.